3 மில்லிமீட்டர்: ஆர்2-டி2 பிரதிகளும் 'அசல்' என்கிற சங்கடமும்

என் வீட்டு பால்கனியில், ஃபிரிட்ஜ் வந்த பழைய அட்டைப்பெட்டிக்குள், ஆர்2-டி2-வின் தலை ஒன்று மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. துண்டு துண்டாக 3டி ப்ரிண்ட் போட்டு, ஒட்டி, இடுக்கில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்தது. தேய்த்து முடித்த அன்று அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் விட்டம் சரியாக இருந்தது. குறுக்கே அளந்தால் 3 மில்லிமீட்டர் குறைவு. வட்டம் லேசாக முட்டையாகியிருந்தது. அன்று மூடி வைத்த பெட்டிதான்.

போன மாசம் ஒட்டடை அடிக்கும்போது திறந்தேன். அப்போதுதான் மூன்று வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வந்தது. 3 மி.மீ. குறைகிறது, சரி. எதை விட? வரைபடத்தை விட. வரைபடம் எதைப் பார்த்துப் போட்டது? படத்தில் வந்த ரோபோவைப் பார்த்து. படத்தில் வந்தது எது?

இதை நோண்ட ஆரம்பித்தால், வீட்டில் சினிமா ரோபோ செய்கிற இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை நம்பிக்கை ஒன்றே ஆட்டம் காண்கிறது. திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் இதில் மாட்டிக்கொண்ட ஆள்தான். ஆனால் 'துல்லியம்' என்ற சொல்லை நாங்கள் எவ்வளவு யோசிக்காமல் பயன்படுத்துகிறோம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

படத்தில் இருந்தது எது?

1976 மார்ச்சில் துனிசியாவில் 'ஸ்டார் வார்ஸ்' படப்பிடிப்பு தொடங்கியது. ரால்ஃப் மெக்குவாரியின் ஓவியங்களில் உருவெடுத்த அந்தக் குட்டி ரோபோவை, ஜான் ஸ்டியர்ஸ் தலைமையிலான சிறப்பு விளைவுக் குழு நிஜப் பொருளாகச் செய்து கொண்டுபோயிருந்தது. ஒன்று அல்ல, பல.

சிலவற்றுக்குள் கென்னி பேக்கர் என்ற நடிகர் உட்கார முடியும். 112 சென்டிமீட்டர் உயரம் கொண்டவர். இரண்டு காலில் நின்றபடி ஆர்2 இப்படியும் அப்படியும் ஆடினால், தலையைத் திருப்பித் தவித்தால், உள்ளே அநேகமாக அவர்தான். மூன்று காலில் உருண்டு போனால் அது வேறு ஒன்று, ரிமோட்டில் ஓடுவது. ரிமோட் ஆர்2 பாலைவன மணலில் படுத்திய பாடு அந்தப் படப்பிடிப்பின் பிரபலமான கதைகளில் ஒன்று. நாலடி போகும், நிற்கும். திரும்பச் சொன்னால் முட்டும். சில காட்சிகளில் கம்பி கட்டி இழுக்க வேண்டியிருந்தது.

இரண்டு காலிலிருந்து மூன்றாவது கால் இறங்கி உருள ஆரம்பிக்கிறானே, அது? அப்படிச் செய்யக்கூடிய ரோபோ அன்று இல்லை. ஒரு ஷாட்டில் இரண்டு கால், அடுத்த ஷாட்டில் மூன்று கால். நடுவில் இருப்பது எடிட்டிங் மேசையின் கத்தரி. இடைவெளியை நம் மனசு நிரப்பிக்கொண்டது.

குரல்? படப்பிடிப்புத் தளத்தில் ஆர்2 ஊமை. சி-3பிஓ-வாக நடித்த ஆண்டனி டேனியல்ஸ், பதில் பேசாத ஒரு தகர டப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பென் பர்ட் வந்து, ஏஆர்பி 2600 சிந்தசைசரையும் குழந்தை மழலை போலத் தானே எழுப்பிய சத்தங்களையும் கலந்து அந்தக் குரலைச் செய்தார். ஆர்2-வைப் பிடிக்கும் என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நிஜமாகப் பிடித்தது அந்தக் குரலைத்தான் என்பது என் கட்சி.

நிறமாவது உறுதியானதா என்றால் அதுவும் இல்லை. 1977 படத்தின் விண்வெளிச் சண்டைக் காட்சிகளில் லூக்கின் விமானத்துக்குப் பின்னால் செருகி நிற்கும் ஆர்2-வின் தலையைக் கவனியுங்கள். நீலப் பட்டைகள் கருப்பாக இருக்கும். அந்த ஷாட்கள் நீலத்திரைக்கு முன்னால் எடுக்கப்பட்டவை. நீலத்தை நீக்கி விண்வெளியை ஒட்டும் முறையில், ஆர்2-வின் நீலமும் சேர்ந்து காணாமல் போய்விடும். அதனால் அங்கே மட்டும் கருப்பு. நீல வண்ணத்தின் சரியான சாயலுக்காக வருஷக்கணக்கில் வாதம் செய்கிற எங்களுக்கு, இது கொஞ்சம் சங்கடமான தகவல்.

1980-ல் வந்த இரண்டாவது படத்துக்கு டோனி டைசனின் பட்டறையில் புதிய ஆர்2-கள் செய்யப்பட்டன. 2002-ல் வந்த படத்தில் கணினி வரைகலையில் பறக்கவே செய்தான்.

ஆக, 'படத்தில் வந்த ஆர்2' என்பது ஒரு பொருள் அல்ல. ஒரு மனிதர், சில கூடுகள், கம்பி, கத்தரி, சிந்தசைசர், பின்னாளில் மென்பொருள் எல்லாம் சேர்ந்து திரையில் உண்டாக்கிய ஒரு தோற்றம். என் தலை 3 மி.மீ. குறைவது இதில் எதை விட?

27 லட்சம் டாலர் அசல்

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 ஜூனில் அமெரிக்காவில் ஓர் ஏலத்தில் ஒரு ஆர்2-டி2 27.6 லட்சம் டாலருக்கு விலை போனது. செய்தித் தலைப்புகள் 'அசல் ஆர்2-டி2' என்றே போட்டன. உள்ளே போய்ப் படித்தால் விஷயம் வேறு. பல படங்களின் தயாரிப்பில் பயன்பட்ட உதிரிகளை ஒரு சேகரிப்பாளர் வருஷக்கணக்கில் தேடிப் பிடித்து, ஒன்றாகக் கூட்டி நிறுத்தியது அது. பாகங்கள் அசல். ஆனால் அந்த வடிவத்தில், அந்தச் சேர்க்கையில், எந்தப் படப்பிடிப்புத் தளத்திலும் அது நின்றதில்லை.

வீட்டில் ஒருவர் புதுப் பாகங்களைக் கூட்டிச் செய்தால் பிரதி. வேறொருவர் பழைய பாகங்களைக் கூட்டிச் செய்தால் அசல். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். வித்தியாசம் உலோகத்தின் வயசு. வயசுக்கு விலை உண்டு, மறுக்கவில்லை. அருங்காட்சியகங்கள் அதில்தான் நடக்கின்றன. ஆனால் அதை வடிவத்தின் துல்லியத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

படத்தின் மற்ற பொருட்களையும் பாருங்கள். லூக்கின் ஒளிவாள் கைப்பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு கேமராக் கடையில் கண்டெடுத்து, கொஞ்சம் ரப்பர் பட்டை ஒட்டி அதை ஆயுதமாக்கினார். அவர்கள் எதையும் மி.மீ. பார்த்துச் செய்யவில்லை. கையில் கிடைத்ததை வைத்து, காசுக்குள் அடங்குகிற மாதிரி, கேமராவுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினார்கள். அந்த அவசரத்தின் விளைவைத்தான் நாங்கள் வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்கிறோம்.

பிரதி அசலைத் தாண்டிய இடம்

இதுவரை படித்துவிட்டு, 'அப்போ இந்த ஆட்கள் வீண் வேலை செய்கிறார்கள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர்.

1999 முதல் ஆர்2 பில்டர்ஸ் கிளப் என்ற பெயரில் உலகம் முழுக்க ஆட்கள் வரைபடங்களைப் பகிர்ந்து ஆர்2 செய்து வருகிறார்கள். ஒருவர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டுகிறார், ஒருவர் மரத்தில், ஒருவர் 3டி ப்ரிண்டில், வசதியுள்ளவர் முழு அலுமினியத்தில். அலுமினியத்தில் செய்தால் எடை நூறு கிலோவை நெருங்கும்.

உள்ளே இருப்பதைப் பார்த்தால் நம்ம ஊர் எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கும் பையனுக்குக்கூடப் புரியும். இரண்டு வெளிக்கால்களின் பாதங்களிலும் ஆளுக்கொரு மோட்டார். பெரும்பாலும் சிறு மின்ஸ்கூட்டரிலோ சக்கர நாற்காலியிலோ இருக்கிற ரகம். இடது மோட்டார் வேகமாகச் சுற்றினால் வலது பக்கம் திரும்பும், அவ்வளவுதான் ஸ்டியரிங். நடுப் பாதத்தில் எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரங்கள். தலைக்கு அடியில், சாப்பாட்டு மேசைச் சுழல்தட்டுக்குக் கீழே இருக்குமே, அந்த மாதிரி பெரிய வளைய பேரிங். தலை எத்தனை சுற்று சுற்றினாலும் வயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு ஸ்லிப் ரிங். ஆர்டுயினோ, மோட்டாருக்கு கண்ட்ரோலர் போர்டுகள், சத்தத்துக்கு ஒரு எம்பி3 போர்டு, கையில் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர். நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் கடினமான கணினியியல் எதுவும் இல்லை. கடினமெல்லாம் இயந்திரத்தில்: நூறு கிலோவை ஒரு கதவுக்குள் நுழைத்து, பக்கத்தில் நிற்கிற குழந்தையின் காலில் ஏற்றாமல் நிறுத்துவது.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஒரே உடலில் உருள்கிறது, தலை திருப்புகிறது, விளக்கு மின்னுகிறது, குரல் கொடுக்கிறது. சிலர் இரண்டு கால், மூன்று கால் மாற்றத்தையும் நிஜமாகவே செய்துவிட்டார்கள். 1976-ல் இது எதுவும் ஒரே உடலில் இல்லை! பல கூடுகளாகவும் கத்தரியாகவும் சிதறிக் கிடந்த ஒரு தோற்றத்தை, வீட்டு கராஜில் வேலை செய்தவர்கள் முதல்முறையாக ஒரு பொருளாக ஆக்கினார்கள். இதைப் பிரதி என்று அழைப்பதே கொஞ்சம் அநியாயம். கதை முதலில் வந்தது, ரோபோ பிற்பாடு இவர்கள் கையில் வந்தது.

ஸ்டுடியோவுக்கும் இது தெரிந்தது. 2013 ஜூலையில் ஜெர்மனியின் எஸ்ஸனில் நடந்த ரசிகர் விழாவில், பிரிட்டனைச் சேர்ந்த லீ டவர்ஸி, ஆலிவர் ஸ்டீபிள்ஸ் இருவரும் செய்த ஆர்2-களை லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடி பார்த்தார். அடுத்த படத்துக்கு ஆர்2 செய்ய இவர்களையே வேலைக்கு எடுத்தார்கள். 2015-ல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்து ஆர்2 இவர்கள் கைவண்ணம். இப்போது யோசியுங்கள்: அடுத்த தலைமுறை ஹாபிக்காரர் 'படத்தில் வந்ததைப் போல' செய்ய உட்கார்ந்தால், அவர் பிரதி எடுப்பது இன்னொரு ஹாபிக்காரரை.

துல்லியம் எதற்காக?

அப்படியானால் துல்லியம் வெறும் பைத்தியமா? நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மென்பொருளில் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் வேண்டும். இந்த வடிவத்தில் அனுப்பு, இந்த வடிவத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று. ஆர்2 வரைபடத்தின் அளவுகள் செய்வது அதையேதான். ஒரு நாட்டில் ஒருவர் லேத்தில் கடைந்த கணுக்கால் பாகம், இன்னொரு கண்டத்தில் ஒருவர் மரத்தில் செய்த காலில் போய் உட்கார வேண்டும். யாரோ எழுதிய விளக்குப் பலகை யாரோ செய்த தலையின் சன்னலுக்குள் பொருந்த வேண்டும். அதற்கு எல்லோரும் ஒரே எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எண் 1976-ன் எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்பது இரண்டாம் பட்சம். துல்லியம் படத்துக்குச் செய்கிற மரியாதை என்று நாங்கள் பேசிக்கொள்கிறோம். நிஜத்தில் அது சக வேலைக்காரருக்குச் செய்கிற மரியாதை.

இப்படிப் பார்த்தால் எந்த 3 மி.மீ. முக்கியம், எது இல்லை என்பது தெளிவாகிவிடுகிறது. தலை உடலின் வளையத்தில் உட்காருகிற விளிம்பில் 3 மி.மீ. பிழை என்றால் தலை சுற்றும்போது இடிக்கும், அதைச் சரிசெய்தே ஆகவேண்டும். அதே 3 மி.மீ. உச்சந்தலையில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஹாபியின் பேச்சு இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது. 'திரைத் துல்லியம்' என்று ஒரே சொல். புதிதாக வருகிறவர் முதல் மாசத்திலேயே தான் செய்தது தப்பு என்று கற்றுக்கொள்கிறார். அடுத்த கட்டமாக, செய்வதை நிறுத்திவிட்டு வாங்க ஆரம்பிக்கிறார். கடைந்த தலை, கடைந்த கால், சாயம் பூசிய பட்டைகள். காசு இருந்தால் சில மாசத்தில் துல்லியமான ஆர்2 வந்துவிடும், கையில் ஒரு கீறல்கூட விழாது. அதில் தப்பில்லை. ஆனால் அதுதான் உச்சம் என்று வைத்துவிட்டால், காசில்லாதவன் பெட்டியை மூடிவிடுவான். மூடியவன் நான், அதனால் சொல்கிறேன்.

இளஞ்சிவப்பு ஆர்2

இந்த வாதத்துக்கு ஹாபிக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. ஆர்2-கேடி.

ஸ்டார்ம்ட்ரூப்பர் உடையணியும் ரசிகர் அமைப்பான 501-வது லீஜியனை நிறுவியவரின் சின்ன மகளுக்கு மூளைப் புற்றுநோய். படத்தில் ஆர்2 துணைக்கு இருப்பதுபோல, அந்தக் குழந்தைக்கும் துணைக்கு ஓர் ஆர்2 வேண்டும் என்று முடிவாகி, கிளப்காரர்கள் கூடி ஒன்று செய்ய ஆரம்பித்தார்கள். நிறம் இளஞ்சிவப்பு. எந்தப் படத்திலும் இல்லாத நிறம். திரைத் துல்லியக் கணக்கில் பூஜ்யம் மார்க். வேலை முடிவதற்கு முன்பே, 2005 ஆகஸ்டில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. செய்து முடித்தார்கள். அதன்பிறகு ஆர்2-கேடி மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் போய்க் குழந்தைகளைச் சந்தித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்திலேயே ஒரு காட்சியில் இடம் கிடைத்தது.

படத்தோடு பொருந்தாத ஆர்2, படத்துக்குள் போனது. 'திரைத் துல்லியம்' என்ற சொல் இதற்கப்புறம் என்ன பொருள் தருகிறது என்று எனக்குப் புரியவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறம்தான் மாறியதே தவிர, அளவு மாறவில்லை. பல பேர் பாகம் பாகமாகச் செய்து கொடுத்து, ஒன்றாகப் பொருத்த முடிந்ததற்குக் காரணமே அந்தப் பொது அளவுகள். எங்கே துல்லியமாக இருக்க வேண்டுமோ அங்கே இருந்தார்கள். எங்கே குழந்தைக்குப் பிடித்தது முக்கியமோ அங்கே வரைபடத்தை ஓரம் கட்டினார்கள்.

பொம்மலாட்டமா, ரோபோவா?

என் அலுவலக நண்பர் ஒருவர் வேறு திசையிலிருந்து அடிப்பார். 'ரிமோட்டில் ஓடுவதை ரோபோ என்கிறாயே, வெட்கமாக இல்லையா?' என்று. நியாயமான அடி. கூட்டத்தில் ஆர்2 தானாகவே குழந்தையிடம் போய்த் தலை சாய்த்துக் கூவுவது போல இருக்கும். பத்தடி தள்ளி, சட்டைக்கு அடியில் கண்ட்ரோலரை மறைத்துக்கொண்டு ஒருவர் வானத்தைப் பார்ப்பது போல நிற்பார். சுத்தமான பொம்மலாட்டம்.

இதற்கு மாற்றாக இப்போது ஒன்று வந்திருக்கிறது. 2023-ல் டிஸ்னி ஆய்வாளர்கள் பிடிஎக்ஸ் என்ற இருகால் குட்டி ரோபோவைக் காட்டினார்கள். அனிமேஷன் கலைஞர்கள் நடையையும் குலுக்கலையும் வடிவமைக்க, கணினிக்குள் உருவகப்படுத்திய உலகில் லட்சக்கணக்கான முறை விழுந்து எழுந்து அந்த நடையைக் கற்றுக்கொண்ட ரோபோ. சீக்கிரமே ஆர்வலர்கள் அதன் சிறு வடிவத்தை 'ஓப்பன் டக் மினி' என்ற பெயரில் திறந்த மூலமாகச் செய்தார்கள். சுமார் 42 செ.மீ. உயரம், உதிரிச் செலவு 400 டாலருக்குள் என்பது இலக்கு. இங்கே பிரதி எடுப்பது தோலை அல்ல, நடையை. உடம்பின் மி.மீ. பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. சண்டையெல்லாம் மோட்டாரின் உராய்வு கணினிக்குள் இருப்பதும் மேசை மேல் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதில்தான். அங்கும் துல்லியம் உண்டு, வேறு இடத்தில்.

நண்பர் இதைக் கேட்டதும் 'அப்படிச் சொல்லு' என்றார். ஆனால் ஒரு விஷயம். பூங்காவில் பிடிஎக்ஸ் நடக்கும்போதும் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று சொல்ல ஒரு மனிதர் கண்ட்ரோலரோடு நிற்கிறார். விழாமல் நடப்பதைக் கற்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, குணத்தை ஆள்தான் கொடுக்கிறார். ஐம்பது வருஷம் முன்னால் கூட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த கென்னி பேக்கர் செய்த வேலை அது. ஆகவே பொம்மலாட்டம் என்பதை நான் வசையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்2-வின் விஷயத்தில் மிகத் துல்லியமான பகுதியே அந்த மறைந்து நிற்கும் ஆள்தான்.

பெட்டியை மறுபடி திறந்தது

இந்த ஹாபியின் மேல் என் விமர்சனத்தை ஒரே வரியில் சொன்னால்: பொருந்த வேண்டிய அளவையும் பார்க்க அழகான அளவையும் நாங்கள் பிரித்துப் பேசுவதில்லை, அதனால் செய்து முடிக்கக்கூடிய பலரை முடிக்க விடாமல் பண்ணிவிடுகிறோம். வரைபடங்களிலேயே இதைக் குறித்துவிடலாம். இந்த எட்டு அளவுகள் விட்டுக்கொடுக்க முடியாதவை, மற்றவை உங்கள் இஷ்டம் என்று. எந்தப் பொறியியல் வரைபடத்திலும் விலக்க அளவு என்று ஒரு கட்டம் உண்டு. எங்களுடையதில் மட்டும் அது பக்தியாகிவிட்டது.

என் தலையைப் பற்றி: எவர்சில்வர் பாத்திரம் செய்யும் பட்டறை ஒன்றில் தகட்டைச் சுழற்றி அழுத்திப் புதுத் தலை செய்ய முடியுமா என்று போன வாரம் கேட்டேன். 1976-ல் அலுமினியத் தலையைச் செய்ததும் அதே முறையில்தான். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, 'குண்டானுக்கு மூடியா சார்? உருட்டிடலாம். ஆனா மரத்துல அச்சு கடையணும், அதுக்கே ஒரு காசு ஆகும்' என்றார். ஒரு மூடிக்கு அச்சு கடைவது கட்டுப்படியாகாது என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால் பழைய தலையேதான். விளிம்பில் மட்டும் பட்டி ஏற்றி, தேய்த்து வட்டமாக்கிவிட்டேன். நாலு நாள் வேலை. இப்போது வளையத்தில் உட்கார்ந்து, இடிக்காமல் முழுச் சுற்று சுற்றுகிறது. உச்சியில் அந்த முட்டை வடிவம் அப்படியே இருக்கிறது. காலிப்பர் வைத்தால் தெரியும். என் மகள் அதன் மேல் ரிமோட் வைத்துப் பார்த்தாள், வழுக்கி விழுந்தது. 'தலை சுத்துது, ஆனா பேசல' என்பதுதான் அவள் சொன்ன ஒரே குறை. அடுத்தது ஸ்பீக்கர்.